தோசைத் திருப்பியால் பூசிய வாசல்

அந்தக் காரைத் துண்டு விழுந்தபோது நான் வாசற்படியில் நின்று, கீரைக்காரியிடம் சிறுகீரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தலைக்கு மேலே மணல் சரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அடுத்த நொடி, அரைத் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கட்டி என் வலது தோளை உரசிக்கொண்டு வந்து படியில் விழுந்து உடைந்தது. கீரைக்காரி கூடையோடு பின்னால் நகர்ந்துகொண்டாள். நான் தோளைப் பார்க்கவில்லை, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஆறாவது மாதம். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்த என் மாமியார் என்னைப் பார்க்கவில்லை. நிலைக்கு மேலே காரை பெயர்ந்து செங்கல் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு அன்று பெரிய வருத்தம்.

எங்கள் வீடு தொம்மலூரில், பழைய ஊருக்குள், எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டிய ஒரு சந்தில் இருந்தது. என் கணவரின் அப்பா கட்டிய வீடு. நான் கல்யாணமாகி வந்தபோது அவர் இல்லை. அத்தை, கணவர், நான், அவ்வளவுதான் குடும்பம். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஊரைச் சுற்றிக் காலியாகக் கிடந்த மனைகளில் எல்லாம் ஆபீஸ் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மெயின் ரோட்டில் ஜல்லி லாரி போனால் எங்கள் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வாசல் நிலையைச் சுற்றி விரிசல் விட்டதற்கும் அந்த லாரிகள்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். முதலில் தலைமுடி மாதிரி ஒரு கோடுதான் இருந்தது. பிறகு அது இரண்டு பக்கமும் இறங்கி, மேலேயும் ஓடி, நிலை வேறு சுவர் வேறு என்று பிரித்துக் காட்டியது. கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் பொடி உதிரும். அத்தை காலையில் கோலம் போடுவதற்கு முன் அந்தப் பொடியைக் கூட்டித் தள்ளுவாரே தவிர, அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. வாய் திறக்காத ஆள் இல்லை அவர். சந்தில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் தமிழ் வீட்டில் தமிழிலும் கன்னட வீட்டில் கன்னடத்திலும் போய்த் திட்டிவிட்டு வருகிறவர்.

அதற்கு முன் இரண்டு முறை எனக்குக் கலைந்து போயிருந்தது. இரண்டும் ஆரம்ப மாதங்களிலேயே. இந்த முறை டாக்டர் பஸ், ரயில் எதிலும் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குத் திருப்பத்தூர் போகிற பேச்சும் இல்லை. பிள்ளை பெறுகிற வரைக்கும் அந்த வீடு, அந்த வாசல்தான். பின்பக்கம் ஒரு வாசல் இருந்தது. ஆனால் அதன் படிகள் தெருக்குழாய்த் தண்ணீர் ஓடி ஓடிப் பாசி பிடித்துக் கிடந்தன. நல்ல காலும் வழுக்கும் இடம். முன் வாசலில் போனால் தலைமேல் காரை, பின் வாசலில் போனால் காலடியில் பாசி. அடுத்த செக்கப்புக்கு நான் எந்த வழியாக வெளியே போவது என்பதுதான் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் கேள்வி.

என் கணவருக்கு அது கேள்வியே இல்லை. மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறவர், எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள். "ஞாயித்துக்கெழமை மேஸ்திரிய வரச் சொல்றேன்மா. தொங்கறத எல்லாம் தட்டி எடுத்துட்டுப் புதுசா பூசிடுவாரு" என்றார். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவ பெத்து எழுந்திரிக்கிற வரைக்கும் இந்த நிலைமேல சுத்தி படக் கூடாது" என்று சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, முக்கியமாக நிலையில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கமும் உண்டுதான். "தலைமேல விழுந்தா என்னம்மா பண்ணுவ?" என்று இவர் கேட்டார். "விழாது, நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. "எப்படிப் பாத்துக்குவ? கையால தாங்கிட்டு நிப்பியா?" என்றதற்கு, "நிப்பேன்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

மேஸ்திரி வேலை செய்கிற ஒரு நாள் மட்டும் பக்கத்து வீட்டில் போய் இருக்கிறேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நீ எங்க போய் உக்காந்தாலும் இந்த வாசலுக்குத்தான மருமக" என்று அதையும் அடைத்துவிட்டார். சாஸ்திரம் என்றால் எங்கள் அத்தை அதன் மூலை முடுக்கு வரைக்கும் போவார். மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்று மகனைத் தடுத்து வைத்ததில், இவருக்குக் கழுத்தை மறைக்கிற தாடி. ஷிஃப்டில் எல்லோரும் சாமியாரே என்று கூப்பிடுகிறார்கள் என்று புலம்புவார். ஆனாலும் வளர்த்தார்.

எனக்குச் சாஸ்திரத்தில் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. கல்லூரி முடித்தவள், இதையெல்லாம் கேலி செய்து வளர்ந்தவள். ஆனால் சூடு கண்ட பூனை என்று சொல்வார்களே, அந்த நிலைமைதான். முதல் முறை கலைந்தபோது பப்பாளி சாப்பிட்டேனா என்று யோசித்தேன். இரண்டாவது முறை, குனிந்து குடம் தூக்கினேனா, எந்த நாள், எந்த வேளை என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். டாக்டர் அதெல்லாம் காரணம் இல்லை என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது புத்திக்கு ஏறியது, உடம்புக்கு ஏறவில்லை. அதனால் கணவர் என் பக்கம் திரும்பி, நீயாவது சொல்லேன் என்றபோது நான் மோர் எடுக்க எழுந்துவிட்டேன். காரை விழுமோ என்று ஒரு பயம், சுத்தியல் விழுந்து அதனால் ஏதாவது ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

மேஸ்திரி என்று நாங்கள் சொன்னது சந்தின் கோடியில் குடியிருந்த ஒரு கொத்தனாரை. தர்மபுரிப் பக்கத்துக்காரர். பார்க்க மட்டும் வரட்டும் என்று அத்தை அனுமதி கொடுத்தார். அவர் வந்து விரல் முட்டியால் நிலை ஓரமாகத் தட்டினார். டொப் டொப் என்று கேட்டது. "உள்ள காலியா இருக்குக்கா. சுவர் எழுப்பறப்ப வெச்ச நிலை இல்ல இது. அப்புறமா சுவத்த ஒடைச்சு நுழைச்சிருக்காங்க. அந்த ஓரத்துல போட்ட காரை எப்பவும் ஒழுங்கா ஒட்டாது. லாரி ஓடறதுல அது கைய விட்டுடுச்சு" என்றார். மறுபடி தட்டப் போனவரை, "தட்டினது போதும், டீயக் குடி" என்று அத்தை நிறுத்திவிட்டார். கொத்தாமல் பூசினால் பிடிக்காது என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். டீ நன்றாக இருந்ததால் அதற்கு மேல் வாதம் செய்யவில்லை.

மறுநாள் இவர் வேலைக்குப் போன பிறகு வாசல் பக்கம் கறக் கறக் என்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, ஸ்டூல்மேல் ஏறி நின்றிருந்தார். கையில் எங்கள் வீட்டு இரும்புத் தோசைத் திருப்பி. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்காமல் தூங்காத மனுஷி. என்ன அத்தை இது என்றேன். "சுத்திதான கூடாதுன்னாங்க. தோசத் திருப்பி கூடாதுன்னு எந்தச் சாஸ்திரத்துல எழுதிருக்கு?" என்றார். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் இல்லை. விரிசலில் சொம்புத் தண்ணீரை மெல்ல விட்டு ஊற வைப்பார். பிறகு திருப்பியை உள்ளே நுழைத்து, தோசை ஓரத்தைக் கிளப்புகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவார். பெயர்ந்து வரும் துண்டை மற்றக் கையால் தாங்கி, இடுப்பில் இடுக்கியிருந்த முறத்தில் வைப்பார். ஒரு துண்டுகூடக் கீழே விழுந்து சத்தம் எழுப்பவில்லை. "நீ உள்ள போ, தூசி" என்று என்னை விரட்டினார். நான் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சமையல் முடிந்ததும் ஏறுவார், சாயங்கால ஷிஃப்ட் சங்கு கேட்கிற நேரத்துக்கு இறங்குவார். மேஸ்திரி சுத்தியலோடு வந்திருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும் வேலை, அந்த வாரம் முழுக்க நடந்தது.

பெயர்ப்பது பரவாயில்லை. பூசுவதுதான் அவருக்குப் பெரிய கண்டமாக இருந்தது. பூசுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே சிமெண்டையும் சலித்த மணலையும் பிளாஸ்டிக் பக்கெட்டில் குழைத்து, ஈரத் துணியால் மூடி வைத்துவிட்டார். சுண்ணாம்பை முதல் நாளே ஊற வைத்துப் பழகியவர். சிமெண்டும் ராத்திரி முழுக்க ஊறினால் பக்குவமாகும் என்று நினைத்திருக்கிறார். காலையில் பார்த்தால் பக்கெட் முழுக்கக் கருங்கல். அதைக் கவிழ்த்துத் தட்டினாலும் வரவில்லை. விஷயம் கேள்விப்பட்ட மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இட்லி மாவு இல்லக்கா அது" என்றார். அத்தை அந்தப் பக்கெட்டைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்து, துணி துவைக்கும்போது உட்காருவதற்கு வைத்துக்கொண்டார். வீணாகப் போன பொருள் என்று ஒன்று அவர் கையில் கிடையாது.

இரண்டாவது முறை புதிதாகக் குழைத்துப் பூசினார். சுவரை நனைக்க மறந்துவிட்டார். சாயங்காலம் லாரி ஒன்று போனது, பூசினது அத்தனையும் அப்பளம் மாதிரி சரிந்து வந்தது. அதற்குப் பிறகு மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்து வருகிற வழியில் எதிர்வீட்டுப் படியில் டீ கிளாசோடு உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே சொல்ல ஆரம்பித்தார். சுவத்துக்கு மொதல்ல தண்ணி காட்டு, சிமெண்டுப் பால் அடி, கோழிக்கூண்டு வலையை வெட்டி நிலைக்கும் சுவருக்கும் நடுவில் வை, மெல்லிசாப் போடு, ஒரே தடவையில் அப்பாதே என்று ஒவ்வொன்றாக. வலையை ஆணி அடித்து மாட்டச் சொன்னார். அடிக்க மாட்டேன் என்று அத்தை செங்கல் இடுக்குகளில் கம்பித் துண்டுகளைக் கையால் அழுத்திச் செருகினார். விரல் நுனியெல்லாம் கிழிந்து போயிருந்தது. மேஸ்திரி அரிக்கிற கையை அடக்க முடியாமல் தன் பூச்சுக் கரண்டியையாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டினார். இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "இது கைக்கு வரல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அத்தை. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா தினமும் வந்து நின்று பார்த்துவிட்டு, மருமகளை இப்படிப் பார்த்துக்கொள்கிற மாமியார் எனக்கு வாய்க்கவில்லையே என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டுப் போவார். சொல்ப நகருங்க, வெளிச்சம் மறைக்குது என்பார் அத்தை, கன்னடமும் தமிழும் கலந்து.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பார்க்கக் கண்றாவியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிலையைச் சுற்றி யாரோ அடை தட்டி ஒட்டின மாதிரி, மேடும் பள்ளமும், தோசைத் திருப்பியின் கோடும். இவர் தாடியைத் தடவிக்கொண்டு பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சிரித்தார். அத்தை காலையும் மாலையும் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். காய்ந்து இறுகியது என்று மேஸ்திரி சொன்ன அன்றைக்கு, என்னை உள்ளேயே நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் நிலைக்கு நேர் கீழே போய் நின்றார். கதவை ஓங்கி இழுத்துச் சாத்தினார். தலை நிமிர்த்திப் பார்த்தார். திறந்து மறுபடி சாத்தினார். பொடிகூட உதிரவில்லை. ஆனால் சாத்தின ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்கியது. விழுந்துவிடுமோ என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். வெகு நாள் கழித்து நான் முன் வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கினேன்.

மகள் பிறந்தாள். குறை மாதம் இல்லை, பெரிய சிரமமும் இல்லை. குழந்தை அழுத சத்தம் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிகூட இல்லை, ஒரு ஆச்சரியம். அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமோ உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. இவர் அன்று சாயங்காலமே சவரம் செய்துகொண்டு வந்தார். எனக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

குழந்தைக்குத் தலை நின்று, கவிழ்ந்து படுக்க ஆரம்பித்திருந்த சமயம். ஒரு நாள் காலையில் அத்தை, "அந்த மேஸ்திரிய வரச் சொல்லுடா. இந்த வாசலப் பாக்கச் சகிக்கல. எல்லாத்தையும் அடிச்சுத் தள்ளிட்டு ஒழுங்காப் பூசச் சொல்லு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும் அத்தை என்றேன். "எதுக்கு, கண்காட்சி வைக்கவா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

மேஸ்திரி இந்த முறை சுத்தியலும் உளியுமாக வந்தார். அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கால்மேல் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதல் அடி விழுந்தது. அத்தையின் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவது அடிக்கும் அப்படியே. ஒவ்வொரு அடிக்கும் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார், கை மட்டும் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கஷ்டமாக இருந்தால் எதிர்வீட்டில் போய் இருங்களேன் என்றேன். "வேணா, இருக்கறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த நிலைய வெச்சப்ப எனக்கு ஏழாம் மாசம். உம் புருசனுக்கு அடுத்தது. அப்ப வாசல் வடக்கப் பாத்து இருந்துச்சு. கெழக்க மாத்தணும்னு உங்க மாமா சுவத்த ஒடைக்க ஆள விட்டாரு. நாளெல்லாம் அடிச்சாங்க. அந்த வாரமே வயித்துல அசைவு நின்னுபோச்சு. ஆம்பளப் புள்ள."

எனக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இவருக்கும் தெரியாது என்பது பிறகு தெரிந்தது.

"கொடி சுத்திக்கிச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சுவத்த அடிச்சா கொடி சுத்துமான்னு கேட்டேன். சுத்தாதும்மா, பைத்தியமா உனக்குன்னாங்க. எனக்கும் புரிஞ்சிடுச்சு. புரிஞ்சு என்ன பண்றது? எங்க யார் சுத்தி எடுத்தாலும் எனக்கு இங்கதான் அடிக்குது." வயிற்றில் கை வைத்துக் காட்டினார்.

அப்படியானால் அந்தச் சாஸ்திரத்தில் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா அத்தை என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான்.

"நம்பிக்கை என்ன பெரிய நம்பிக்கை. உனக்கும் ஏதாவது ஆயிருந்தா டாக்டருங்க ஏதோ ஒரு காரணம் சொல்லிருப்பாங்க. நீ அதக் காதுல வாங்கிருக்க மாட்ட. சுத்தியத்தான் நெனச்சிட்டு இருந்திருப்ப, சாகற வரைக்கும். அது எனக்கு ஒருத்திக்குப் போதும்."

வாசலில் சத்தம் நின்றது. மேஸ்திரி அங்கிருந்தே, குழந்தை தூங்குதா, நிறுத்தட்டுமா அக்கா என்று குரல் கொடுத்தார். அத்தை குனிந்து பார்த்தார். என் மகள் வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள். "தூங்கறா. நீ அடி" என்றார். கடைசித் துண்டு விழுகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அவருடைய தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் அவர் எங்களோடு இருந்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. மெயின் ரோட்டில் மேம்பாலம் கட்டியபோது வேலை நடந்த பகல்களில் எல்லாம் ரேடியோவை உரக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காது மந்தமாகிறது என்று இவர் நினைத்தார். நான் போய் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வருவேன்.

இப்போது அத்தை இல்லை. நாங்கள் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்டில் இருக்கிறோம். இந்த ஊரில் இடிக்கிற சத்தமோ கட்டுகிற சத்தமோ கேட்காத நாள் என்று ஒன்று கிடையாது. மேல் வீட்டில் டைல்ஸ் உடைக்கிறார்கள், எதிரே புதிதாக ஒரு பிஜி விடுதி எழும்புகிறது, காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் டங் டங் என்று ஓயாது. பக்கத்து ஃபிளாட்காரர்கள் அசோசியேஷனில் புகார் எழுதுகிறார்கள். எனக்கு அது வெறும் சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். அத்தையால் ஒரு நாளும் அப்படிச் சாத்திவிட்டு இருக்க முடிந்ததில்லை.